குவேக் 3 கிளை சர்வரின் நிரலை மறுசீரமைத்தல்: எங்கிருந்து தொடங்குவது?

கரைத்தோணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 1999 டிசம்பரில் வெளியான, பலர் இணையத்தில் சேர்ந்து சுட்டு விளையாடும் குவேக் 3 அரீனாவின் மூல நிரல் 2005 ஆகஸ்டில் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து கிளைத்த ஒரு விளையாட்டின் சர்வரை இரண்டு ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். எனக்கு முன்பு மூன்று பேர் வெவ்வேறு காலங்களில் இதில் கை வைத்திருக்கிறார்கள். ஆயுதங்கள், வாக்கெடுப்பு, புள்ளிக்கணக்கு என்று தேவைப்பட்டதையெல்லாம் கிடைத்த இடத்தில் சேர்த்துக்கொண்டே போனதால், ஒரு கோப்பு மட்டும் ஒன்பதாயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது. ராக்கெட்டின் சேத அளவை மாற்ற வேண்டுமானால் ஐந்து இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு முன்பு விடுமுறை எடுத்துக்கொண்டு இதை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். பெரிய கோப்பை ஆயுதம், வீரர், கதவு, பொருள் என்று பிரித்தேன். ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றிய செயற்கூறுகளை ஒன்றாக்கினேன். என்டிட்டிகள், அதாவது வீரர், கதவு, ராக்கெட் போன்ற விளையாட்டுப் பொருள்கள், எல்லாம் கலந்து கிடந்த வரிசையை வகைவாரியான பட்டியல்களாக மாற்றினேன். வீரர்களின் உள்ளீடு, பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) வந்த கணத்திலேயே கையாளப்படுவது அலங்கோலமாகத் தெரிந்ததால், அதையும் சேர்த்துவைத்து, சர்வர் ஆட்டத்தை ஒரு படி நகர்த்தும் ஒவ்வொரு டிக்கிலும் மொத்தமாக இயக்கினேன். நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை, சர்வரும் ஒரு முறையும் விழவில்லை.

ஆனால் அன்று மாலை விளையாட வந்தவர்கள் அரை மணி நேரத்திற்குள் சொல்லிவிட்டார்கள். குதித்தால் வழக்கமான பெட்டி மேல் ஏற முடியவில்லை. சரியாகக் குறி பார்த்துச் சுட்டாலும் படவில்லை. சில வெடிப்புகளுக்குச் சத்தமே வரவில்லை. எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியிருந்ததால், முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மீண்டும் தொடங்க விரும்புகிறேன். இந்த முறை எதை முதலில் செய்ய வேண்டும்?

பழைய_கொல்லன்

கரைத்தோணி, நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டிருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண நிரலில் ஒரு செயற்கூறு என்ன வாங்கிக்கொள்கிறது, என்ன திருப்பித் தருகிறது என்பது மாறாதவரை உள்ளே எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். பலர் சேர்ந்து விளையாடும் சர்வரில் அது மட்டும் போதாது. எது எதற்கு முன்பு நடக்கிறது, எந்தப் பைட் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த எண் எந்தப் பக்கம் முழுமையாக்கப்படுகிறது என்பவையும் விளையாட்டின் விதிகளே. இந்த விதிகள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, நிரலின் அமைப்பிலேயே புதைந்து கிடக்கின்றன. நீங்கள் கோப்புகளைப் பிரித்ததால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. அதோடு சேர்த்து வரிசையையும் மாற்றியதுதான் சிக்கல்.

முதலில், உள்ளீடு. குவேக் 3 சர்வர் இயல்பாக வினாடிக்கு 20 ஃபிரேம் (நீங்கள் சொன்ன டிக்) ஓடுகிறது, அதாவது 50 மில்லிவினாடிக்கு ஒன்று. ராக்கெட்டுகள், கதவுகள், தரையில் கிடக்கும் பொருள்கள் எல்லாம் அந்த ஃபிரேமில் நகர்கின்றன. ஆனால் வீரர்களின் நகர்வும் சுடுதலும் அப்படி அல்ல. அவர்களுடைய பாக்கெட் வந்து சேர்ந்த உடனே, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவிலேயே, அவை கையாளப்படுகின்றன. அதை நீங்கள் டிக்குக்கு ஒத்திப்போட்டதும் ஒவ்வொரு சூடும் 50 மில்லிவினாடி வரை தாமதமாகக் கணக்கிடப்படும், அதற்குள் எதிராளி நகர்ந்திருப்பான். ஒவ்வொருவரும் எவ்வளவு முன்கூட்டிச் சுட வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகிவைத்திருக்கும் அளவு அன்றைக்கே பொய்யாகிவிடுகிறது. நீங்கள் செய்த அதே மாற்றத்தைச் செய்வதற்கு அந்த நிரலில் ஏற்கெனவே ஓர் அமைப்பு மாறி உண்டு. வீரர்களை ஒத்திசைவாக இயக்கும் அந்த மாறி இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கிறது. காரணத்தோடுதான் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வகைவாரியான பட்டியல். மூல நிரலில் என்டிட்டிகள் 1,024 இடங்கள் கொண்ட ஒரே வரிசையில் இருக்கின்றன. முதல் 64 இடங்கள் வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஃபிரேம் ஓடும்போது எண் வரிசையில்தான் ஒவ்வொன்றும் இயங்குகிறது. 212ஆம் இடத்தில் ஒரு கதவும் 300ஆம் இடத்தில் ஒரு ராக்கெட்டும் இருந்தால், கதவு முதலில் மூடும், ராக்கெட் அதில் மோதி வெடிக்கும். ஏவுகணைப் பட்டியலை முதலில் ஓடவிட்டால் ராக்கெட் உள்ளே போய்விடும், கதவு பின்னால் மூடிக்கொள்ளும். எது நியாயம் என்பது இங்கே கேள்வியே அல்ல, விளையாடுபவர்கள் எதற்குப் பழகியிருக்கிறார்கள் என்பதே கேள்வி.

மூன்றாவதாக ஒரு முன்னெச்சரிக்கை. என்டிட்டியின் கட்டமைப்பில் முதல் இரண்டு பகுதிகளை இடம் மாற்றாதீர்கள். விளையாட்டின் விதிகள் உள்ள விளையாட்டுத் தொகுதி தன் வரிசையின் முகவரியையும் ஒரு என்டிட்டியின் அளவையும் அதை ஓட்டும் இயந்திரத்திடம் (எஞ்சின் நிரலிடம்) சொல்லிவிடும், அதன் பின் இயந்திரம் அந்த நினைவகத்தை நேராகவே படிக்கும். இதற்கு மேலுள்ள எதையும் மாற்றாதீர்கள், சர்வர் இதே வரிசையை எதிர்பார்க்கிறது என்று அந்த இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். உங்களுக்கு முன்பு இருந்தவர்கள் அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பழைய நடத்தையைப் பதிவுசெய்து, புதிய நிரலில் அதே உள்ளீட்டை மறுபடி ஓட்டி, ஃபிரேம் ஃபிரேமாக ஒப்பிடும் வசதி கைக்கு வரும் வரையில் ஒரு வரியைக்கூட நகர்த்தாதீர்கள். இந்த வசதியின் பாதி உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. 1998 அக்டோபரில் குவேக்கின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக் தம்முடைய வேலைக் குறிப்பில் இதை விளக்கியிருக்கிறார். விசை, மவுஸ், பாக்கெட் ஆகியவற்றோடு நேரத்தையும் ஓர் உள்ளீடாகக் கருதி, எல்லாவற்றையும் ஒரே நிகழ்வு வரிசை வழியாக அனுப்பிக் கோப்பில் எழுதிவிட்டால், நேரடியாக நடந்த ஆட்டத்தை அப்படியே திரும்ப ஓட்டிப் பிழை தேடலாம் என்பதே அவருடைய கருத்து. குவேக் 3இல் ஜர்னல் என்ற மாறியை 1 என்று வைத்துத் தொடங்கினால் பதிவாகும், 2 என்று வைத்தால் அந்தப் பதிவிலிருந்து ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2005 மூல நிரலில் பாக்கெட்டுகள் நிகழ்வு வரிசை வழியாகவே செல்கின்றன, பிற்காலக் கிளைகளில் அவை நேராகச் சர்வருக்குள் போவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் கிளை எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

நீலப்பொறி

கொல்லன் அண்ணா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு வேறு கருத்து உண்டு. கரைத்தோணி இவ்வளவு உழைப்பைப் போடப் போகிறார் என்றால், அந்தப் பழைய வரிசையைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? என்டிட்டி, உறுப்பு, அமைப்பு என்று பிரிக்கும் முறையில் புதிதாகவே எழுதிவிடலாம். 2016இல் வந்த ஓவர்வாட்ச் என்ற சுடும் விளையாட்டு இந்த முறையில்தான் கட்டப்பட்டது. 2017இல் விளையாட்டு உருவாக்குநர்களின் ஜிடிசி மாநாட்டில் அதன் பொறியாளர்களே அதை விளக்கினார்கள். ஒவ்வொரு அமைப்பும் தனக்கு வேண்டிய தரவை மட்டும் தொடும், யார் எதை மாற்றினார்கள் என்பது தெளிவாகத் தெரியும். ஒன்பதாயிரம் வரிக் கோப்பு என்ற பேச்சுக்கே பிறகு இடமிருக்காது.

பழைய_கொல்லன்

அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, தம்பி. புதிய விளையாட்டு எழுதுவதாக இருந்தால் நானும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதன் அடிப்படையே வேலைகளை அமைப்புவாரியாக ஓட்டுவது: எல்லா நகர்வும் முதலில், எல்லா மோதலும் பிறகு, எல்லாச் சேதமும் அதற்கும் பிறகு. இங்கே ஓர் என்டிட்டி தன் நகர்வு, மோதல், சேதம் மூன்றையும் முடித்த பிறகே அடுத்தது தொடங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது விளையாட்டின் விதியே மாறுகிறது. ஓவர்வாட்ச் குழுவினர் அதை முதல் நாளிலிருந்தே தங்கள் விளையாட்டின் விதியாக வைத்திருந்தார்கள், அவர்களுக்கு ஈடுகொடுக்க வேண்டிய பழைய வீரர் யாரும் இல்லை. இவருக்கோ தினமும் மாலையில் வருகிற இருபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் விளையாடும் விளையாட்டு அப்படியே இருக்க வேண்டும், அதன் நிரல் மட்டுமே படிக்கத்தக்கதாக மாற வேண்டும். நான் புரிந்துகொண்டவரை அவர் கேட்பது அதைத்தான்.

ஏழாம்_வாய்ப்பாடு

குதிக்கும் உயரம் ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை, எனவே அதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கரைத்தோணி ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றிய செயற்கூறுகளை ஒன்றாக்கினேன் என்று எழுதியிருக்கிறார். அவற்றில் திசைவேகத்தை முழு எண்களாக்கும் ஸ்னாப்வெக்டர் இருந்ததா?

அந்தப் பெயரில் நிரலில் இரண்டு உண்டு. ஒன்று மேக்ரோ (கூப்பிடும் இடத்திலேயே விரியும் நிரல் சுருக்கம்), அது தசமப் பகுதியை வெட்டி எறிகிறது. மற்றொன்று இயந்திரத்தைக் கூப்பிடுகிறது, அது அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகிறது. ராக்கெட்டின் திசைவேகத்திற்கு முதலாவதும், வீரரின் நகர்வுக்கு இரண்டாவதும் பயன்படுகின்றன. இரண்டும் நெட்வொர்க்கில் அனுப்பும் பிட்டுகளைக் குறைப்பதற்காக வந்தவை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆனால் வீரரின் நகர்வில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஈர்ப்பு வினாடிக்கு 800 அலகு, குதிக்கும் வேகம் 270. தன் கணினியில் வினாடிக்கு 125 ஃபிரேமில் விளையாடுபவரின் ஒவ்வொரு நகர்வும் 8 மில்லிவினாடி நீளமானது. அந்த நேரத்தில் ஈர்ப்பு 6.4 அலகு வேகத்தைக் குறைக்கிறது. 270 இலிருந்து 6.4 போனால் 263.6, அருகிலுள்ள முழு எண் 264. ஆகவே 6.4க்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் 6 மட்டுமே குறைகிறது, ஈர்ப்பு 800க்குப் பதிலாக 750 ஆகிவிட்டதைப் போல. முழுக் குதிப்பையும் படிப்படியாகக் கூட்டினால் உயரம் ஏறத்தாழ 48.5 அலகு வருகிறது. அதே 263.6ஐ வெட்டினால் 263, அதாவது ஒவ்வொரு முறையும் 7 குறைகிறது. உயரம் 41.7க்கு இறங்கிவிடுகிறது. ஏழு அலகு இழப்பு. உங்கள் வீரர்கள் ஏற முடியாமல் போன பெட்டி அந்த ஏழு அலகுக்குள் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயல்பான 85 ஃபிரேம் அமைப்பில் ஒரு நகர்வு 11 மில்லிவினாடி, 8.8 என்பது 9 ஆக உயர்கிறது. குதிப்பு ஏறத்தாழ 44.6. ஆக, ஒரே விளையாட்டில் கணினி வேகத்தைப் பொறுத்து ஒருவர் உயரமாகவும் மற்றவர் தாழ்வாகவும் குதிக்கிறார்கள். அதைச் சமன்படுத்துவதற்காகவே பிற்காலத்தில் நகர்வு நீளத்தை நிலைப்படுத்தும் மாறி வந்தது, அதன் இயல்பு மதிப்பும் 8தான். இதைக் குறைபாடு என்று திருத்த நினைப்பவர்கள் தங்கள் சர்வரில் அந்த உயரத்தை நம்பி எத்தனை வழிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கரைத்தோணி

ஏழாம் வாய்ப்பாடு, மிக்க நன்றி. ஆம், அந்த இரண்டையும் நான் ஒன்றாக்கினேன், மேக்ரோவை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். நகர்வு நிரல் சர்வருக்கும் விளையாடுபவரின் கணினிக்கும் பொதுவான கோப்பில் இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறிவிட்டன. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் திரை துள்ளியிருக்கும், நானும் உடனே கண்டுபிடித்திருப்பேன். குதிப்பு மட்டும் சத்தமில்லாமல் குறைந்ததற்குக் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கொல்லன் சொன்ன பதிவு வேலையைத் தொடங்குகிறேன். முடித்ததும் எழுதுகிறேன்.

மழைக்கோடு

போகிறபோக்கில் ஒரு கேள்வி. மறுசீரமைக்கும்போதே இதைப் பல திரெட்டுகளில் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகளாக) ஓடும்படி மாற்றுவது நல்லதா? இன்றைய சர்வர்களில் எட்டு, பதினாறு கோர்கள் சும்மா கிடக்கின்றன.

பழைய_கொல்லன்

இந்த விளையாட்டுக்குத் தேவையில்லை. 64 வீரர்கள், 1,024 என்டிட்டிகள், 50 மில்லிவினாடி அவகாசம். இன்றைய ஒரு கோருக்கு இது பெரிய சுமையே அல்ல. உண்மையிலேயே சுமை தாங்காதவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விலை புரியும். மைன்கிராஃப்டுக்கான ஃபோலியா சர்வர் 2023இல் உலகைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக டிக் செய்தது. அதற்காக ஒரே திரெட் என்று நம்பி எழுதப்பட்ட செருகுநிரல்கள் எல்லாம் மாற்றி எழுதப்பட வேண்டியிருந்தது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு 2012இல் வேறு வழியில் போனது: பெரும் போர்களில் விளையாட்டின் நேரத்தையே மெதுவாக்கி, மிகக் குறைந்த அளவாகப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டது. கரைத்தோணிக்கு அந்தச் சிக்கலே இல்லாதபோது அதன் மருந்து எதற்கு?

கரைத்தோணி (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

கொல்லன் ஐயப்பட்டது சரிதான். எங்கள் கிளையில் பாக்கெட்டுகள் நிகழ்வு வரிசையைத் தொடாமல் நேராகச் சர்வருக்குள் போய்க்கொண்டிருந்தன. எனவே அவை வரும் இடத்தில் அனுப்பியவரின் முகவரி, நீளம், பைட்டுகள் மூன்றையும் ஜர்னலில் எழுதும்படி சேர்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஃபிரேம் முடிவிலும் எல்லா என்டிட்டிகளின் நிலையையும் எல்லா வீரர்களின் நிலையையும் ஒரு சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்கி, ஃபிரேம் எண்ணோடு ஓர் உரைக் கோப்பில் எழுதவைத்தேன். முதலில் நினைவகத்தை அப்படியே சுருக்கியதில் சுட்டிகள் (நினைவக இடத்தைக் காட்டும் மதிப்புகள்) வைத்திருந்த முகவரிகளும் கலந்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் வேறு வேறு எண் வந்தது. நெட்வொர்க்கில் அனுப்பப்படும் புலங்களை மட்டும் எடுத்துக்கொண்டதும் அது தெளிவானது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆட்டத்தில் இருபது நிமிடங்களைப் பதிவுசெய்தேன். வினாடிக்கு 20 என்ற கணக்கில் 24,000 ஃபிரேம்கள். நிரலில் எதையும் மாற்றாமல் அந்தப் பதிவை இரண்டு முறை ஓட்டி ஒப்பிட்டேன். எதுவும் மாறாத நிரல் தன்னோடு தானே ஒத்துப்போக வேண்டுமல்லவா? 3,117ஆம் ஃபிரேம் வரை ஒத்துப்போய், அங்கே பிரிந்தது.

அந்த ஃபிரேமை விரித்துப் பார்த்தேன். 7ஆம் இடத்து வீரரின் ஆயுத நேரம் ஓர் ஓட்டத்தில் 0, மற்றதில் 50. அவர் கையில் இருந்தது எங்கள் கிளையில் மட்டுமே உள்ள ஓர் ஆயுதம், எனக்கு முன்பு இருந்தவர் சேர்த்தது. அதன் ஆறும் நேரத்தை, அதாவது ஒரு முறை சுட்டபின் மறுபடி சுடும் வரை காத்திருக்கும் நேரத்தை, விளையாட்டின் நேரத்திலிருந்து எடுக்காமல், கணினியின் கடிகாரத்திடம் நேராகக் கேட்டிருக்கிறார். இயந்திரம் தனக்குள் நேரம் கேட்கும் வழி ஜர்னலில் பதிவாகிறது, விளையாட்டுத் தொகுதி கடிகாரத்தைக் கேட்கும் வழி பதிவாவதில்லை. மூல நிரலில் அந்த வழி ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அளக்க மட்டுமே பயன்பட்டிருக்கிறது.

இதில் எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்று உண்டு. சர்வர் சற்றுத் திணறும்போது அந்த ஆயுதம் மட்டும் வேகமாகச் சுடுகிறது என்று ஒரு வீரர் நீண்ட நாட்களாக முறையிட்டுக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை. ஃபிரேம் தாமதமானாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், விளையாட்டின் நேரத்தை விட முன்னதாகவே ஆயுதம் தயாராகிவிடுகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விளையாட்டின் நேரத்திற்கு மாற்றினேன். அதன் பின் 24,000 ஃபிரேம்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின.

நீலப்பொறி

அருமை. நான் முன்பு சொன்னதை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். இந்த ஒப்பீடு இருக்கும்போது, கம்பைலரின் வேகப்படுத்தும் அமைப்புகளையும் சேர்த்து மாற்றினால் என்ன?

ஏழாம்_வாய்ப்பாடு

செய்யாதீர்கள். மிதவைப் புள்ளி (தசம எண்) கணக்குகளின் கடைசிப் பிட் கம்பைலர் அமைப்பைப் பொறுத்து மாறும். பழைய 32 பிட் கட்டுமானத்தில் இடைநிலை மதிப்புகள் 80 பிட் துல்லியத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். 64 பிட்டில் அப்படி இருக்காது. பெரும்பாலும் முழு எண்ணாக்கும் படி அந்த வேறுபாட்டை மூடிவிடும், ஆனால் என்றாவது ஒரு மதிப்பு சரியாகப் பாதியில் வந்து நின்று இருபுறமும் பிரியும். பிரிந்தது உங்கள் மாற்றத்தாலா கம்பைலராலா என்று பிறகு தெரியாது. ஒரே கம்பைலர், ஒரே அமைப்பு, ஒரே கணினி என்று வைத்துக்கொண்டு மறுசீரமைப்பை முடியுங்கள். கட்டுமானத்தை மாற்றுவது தனி நாளில், தனி வேலையாக இருக்கட்டும்.

கரைத்தோணி

அப்படியே செய்கிறேன். சத்தம் வராத வெடிப்புகளின் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். முதல் முயற்சியில் என்டிட்டி இடங்களை ஒதுக்கும் செயற்கூற்றைத் திருத்தியிருந்தேன். காலி இடத்தைத் தேடி முழு வரிசையையும் ஒவ்வொரு முறையும் அலசுவது வீண் என்று, விடுவிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் ஒன்று வைத்து, கடைசியாகக் காலியானதை முதலில் தரும்படி எழுதினேன். பாடநூலில் உள்ள முறைதான். ஆனால் மூல நிரல், விடுவித்து ஒரு வினாடி ஆகாத இடத்தை வேண்டுமென்றே தாண்டிப் போகிறது. ஆட்டம் தொடங்கும் முதல் இரண்டு வினாடிகளுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

விளையாடுபவரின் கணினிக்கு ஒரு பொருள் என்பது அதன் இட எண்தான். 340ஆம் இடத்தில் இருந்த வெடிப்பு நிகழ்வு 300 மில்லிவினாடிக்குப் பிறகு நீங்கி, அடுத்த ஃபிரேமிலேயே அதே 340இல் வேறொரு வெடிப்பு வந்தால், அந்தக் கணினி அதைப் புதியதாக நினைப்பதில்லை. இதன் சத்தத்தை ஏற்கெனவே ஒலித்துவிட்டோம் என்று விட்டுவிடுகிறது. சண்டை சூடுபிடித்து வெடிப்புகள் அடுத்தடுத்து வரும்போது மட்டுமே இது நடக்கும் என்பதால், நான் தனியாகச் சோதித்தபோது ஒரு முறையும் தென்படவில்லை.

பழைய_கொல்லன்

நல்ல வேளை, கண்டுபிடித்தீர்கள். இதோடு தொடர்புடைய இன்னோர் இடமும் இருக்கிறது, அதையும் தொடாமல் விடுங்கள். ஸ்னாப்ஷாட், அதாவது ஆட்டத்தின் அந்தக் கண நிலையை, வீரர்களுக்கு அனுப்பும்போது எந்தெந்தப் புலங்கள் மாறின என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. அது அகர வரிசையிலும் இல்லை, கட்டமைப்பில் உள்ள வரிசையிலும் இல்லை, பார்த்தாலே அடுக்கி வைக்கத் தோன்றும். அடிக்கடி மாறுபவை முன்னாலும் அரிதாக மாறுபவை பின்னாலும் இருக்கும்படி வேண்டுமென்றே அடுக்கியது அது. கடைசியாக மாறிய புலத்தின் எண்ணை ஒரு பைட்டில் எழுதிவிட்டு, அதுவரை உள்ள ஒவ்வொரு புலத்திற்கும் மாறியதா இல்லையா என்று ஒரு பிட் எழுதுகிறார்கள். அதற்குப் பின்னால் உள்ளவற்றைப் பற்றி ஒன்றுமே அனுப்புவதில்லை. அகர வரிசையில் அடுக்கினால் ஒவ்வொரு பாக்கெட்டும் வீங்கும். பழைய விளையாட்டுக் கோப்போடு வருபவர்களுக்கு எல்லாப் புலங்களும் இடம் மாறிப் படிக்கப்படும். நெறிமுறை எண்ணை உயர்த்தாமல் அந்த அட்டவணையில் கை வைக்கவே கூடாது.

உங்கள் ஒப்பீட்டுக் கருவி இந்தத் தவறைப் பிடிக்காது என்பதையும் கவனியுங்கள். அது சர்வருக்குள் இருக்கும் நிலையைச் சுருக்குகிறது, வெளியே போகும் பைட்டுகளை அல்ல. ஒவ்வொரு வீரருக்கும் அனுப்பிய பாக்கெட்டின் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து எழுதினால் இந்தப் பக்கமும் காவலுக்குள் வரும்.

கரைத்தோணி (மேலும் ஆறு வாரங்களுக்குப் பிறகு)

வெளியே போகும் பாக்கெட்டுகளையும் ஒப்பீட்டில் சேர்த்துவிட்டேன். அதன் பிறகே நிரலைத் தொட்டேன்.

ஒரு கமிட் (ஒரு முறையில் பதிவாகும் மாற்றங்களின் தொகுப்பு) நிரலை இடம் மாற்றும், அல்லது எதையாவது திருத்தும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். முதல் மூன்று வாரங்கள் வெறும் இடமாற்றம் மட்டும் நடந்தது. ஒன்பதாயிரம் வரிக் கோப்பு பதினான்கு கோப்புகளாயிற்று, அவற்றில் மிகப் பெரியது 1,100 வரி. ஒவ்வொரு கமிட்டுக்கும் 24,000 ஃபிரேம்களை ஓட்டினேன். நேரத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இருபது நிமிட ஆட்டம் ஒரு நிமிடத்திற்குள் ஓடி முடிகிறது. இருமுறை மட்டும் பிரிந்தது. இரண்டு முறையும் சீரற்ற எண்ணைக் கேட்கும் இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றியிருந்தேன். எண்கள் ஒரே வரிசையில் வந்தாலும் தவறான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்து ஆயுதங்கள். சேதம், ஆறும் நேரம், குண்டின் வேகம் எல்லாம் இப்போது ஒரே அட்டவணையில் இருக்கின்றன. அதைச் செய்யும்போது ஐந்து இடங்களில் இருந்த ராக்கெட் சேதத்தில் ஒன்று மட்டும் 100க்குப் பதில் 95 என்று இருப்பது தெரிந்தது. அது பிழையா, யாரோ வேண்டுமென்று வைத்ததா என்று வீரர்களைக் கேட்டேன். மேலிருந்து விழுந்துகொண்டே சுடும்போது மட்டும் அந்தக் கணக்கு வருகிறது. மூத்த வீரர்கள் இருவர் அதை அறிந்தே விளையாடுகிறார்கள். ஆகவே அட்டவணையில் அதற்குத் தனி வரி கொடுத்து, காரணத்தையும் பக்கத்தில் தமிழிலேயே எழுதிவைத்தேன்.

என்டிட்டிகளை எண் வரிசையில் ஓடவிடும் அந்தச் சுழற்சியை நான் பிரிக்கவில்லை. அது தனிக் கோப்பில், அறுபது வரிக்குள் இருக்கிறது. அதன் உள்ளே ஒவ்வொரு வகையும் தன் கோப்பில் உள்ள செயற்கூற்றைக் கூப்பிடுகிறது, வரிசை மட்டும் பழையபடி. வீரர்களின் உள்ளீடும் பாக்கெட் வந்த கணத்திலேயே கையாளப்படுகிறது. ஸ்னாப்வெக்டர் இரண்டும் இரண்டாகவே இருக்கின்றன, ஆனால் இப்போது ஒன்றின் பெயர் வெட்டுவது என்றும் மற்றதன் பெயர் முழுமையாக்குவது என்றும் சொல்கிறது.

போன சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் புதிய சர்வரை ஓடவிட்டேன். 22 பேர் வந்தார்கள், நள்ளிரவைத் தாண்டியும் விளையாடினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நானாகச் சொன்ன பிறகே நிரல் மாறியது அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாக்கெடுப்பின் நிரல் இன்னும் வீரர் கோப்புக்குள்ளேயே கிடக்கிறது, ஆனால் நான் பதிவுசெய்த ஆட்டத்தில் யாரும் வாக்கெடுப்பைத் தொடங்கவில்லை. அந்தப் பகுதியைத் தொடும் பதிவு இல்லாமல் அதை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வீரர்களிடம் சொல்லி, வரைபடம் மாற்ற, ஒருவரை வெளியேற்ற, ஆட்டத்தை மறுதொடக்கம் செய்ய என்று எல்லா வகை வாக்கெடுப்புகளையும் நடத்திப் பதிவுசெய்யப் போகிறேன்.

ஏழாம்_வாய்ப்பாடு

வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் இணைப்பை அறுத்துக்கொண்டு போவதையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். வாக்களித்தவர் போய்விட்டால் எண்ணிக்கை குறைகிறதா இல்லையா என்பது உங்கள் கிளையில் எப்படி இருக்கிறதோ, அப்படியே இருக்க வேண்டும்.

கரைத்தோணி

குறித்துக்கொண்டேன். சமநிலை வாக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.